பிரேசில் சமையலுக்கு வீட்டிலேயே தேங்காய்ப்பால்: பாட்டிலை விட்டுவிடலாமா?

கும்பகோணத்துக்காரி (சாவோ பாவுலோ) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பெரிய வெள்ளிக்கு இந்த வருடம் கணவர் வீட்டார் எங்கள் வீட்டில் சாப்பிடுகிறார்கள். பத்துப் பேர். அவர்கள் பெர்னாம்புகோ மாநிலத்து ஆட்கள், ரெசிஃபே பக்கம். அன்றைக்கு அங்கே இறைச்சி கிடையாது. ஆனால் மேசைக்கு வருகிற எல்லாவற்றிலும் தேங்காய்ப்பால் உண்டு. மீன், அரைத்துக் கூழாக்கிய பீன்ஸ் (ஃபெய்ஜாவ் டி கோகோ), பிரெடோ என்கிற கீரை, சோறு, எல்லாமே. மாமியார் போனிலேயே சொல்லிவிட்டார்: "பாட்டில் பாலில் செய்தாலும் சாப்பிடுவேன், ஆனால் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன்."

ஆப்பத்துக்குப் பால் எடுத்துப் பழக்கம் உண்டு. அது வேறு, பச்சையாக ஊற்றிக்கொள்வது. இங்கே மீனை எலுமிச்சையில் ஊறவைத்து, தக்காளி, குடைமிளகாயோடு வேகவைத்து, அதில் பாலை ஊற்றுகிறார்கள். அப்போது திரியாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? பத்துப் பேருக்கு எத்தனை தேங்காய் வாங்க? என்னிடம் துருவி இல்லை, பிளெண்டர்தான் இருக்கிறது. முந்தின நாளே எடுத்து வைக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாட்டில்போதும் எழுதியது:

200 மி.லி. கண்ணாடி பாட்டில் எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் இருக்கிறது. வடகிழக்கு மாநிலங்களிலேயே நிறைய வீடுகளில் அதைத்தான் ஊற்றுகிறார்கள், போய்ப் பார்த்தால் தெரியும். பத்துப் பேருக்குச் சமைக்கிற அன்றைக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டு உட்காருவது வீண் வேலை.

பாஹியாராஜா (சல்வதோர்) எழுதியது:

பாட்டில் அண்ணன் சொல்வதில் பாதி உண்மை. இங்கே பாஹியா மாநிலத்துச் சல்வதோரிலும் வார நாளில் பாட்டில்தான். ஆனால் பண்டிகைச் சாப்பாட்டுக்கு இன்னும் தேங்காய் உடைக்கிற வீடுகள் இருக்கின்றன, தங்கச்சியின் மாமியார் அந்த ரகம் போலிருக்கிறது. அவரிடம் போய் வாதாட முடியாது.

முதலில் தேங்காய். தெருவில் பச்சையாகக் குவித்து வைத்து, மேலே சீவி உறிஞ்சுகுழல் போட்டுக் கொடுக்கிறார்களே, அந்தக் குட்டை ரகம் இளநீருக்கானது. அதன் வழுக்கையில் கொழுப்பே இராது, எவ்வளவு அரைத்தாலும் பால் வராது. உங்களுக்கு வேண்டியது 'கோகோ செகோ', மட்டை உரித்த முற்றிய காய். கையில் எடுத்தால் கனக்க வேண்டும், ஆட்டினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்க வேண்டும். கண் மூன்றும் காய்ந்திருக்கிறதா, பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். சாவோ பாவுலோவில் கடை அலமாரியில் நாள்பட்டுக் கிடக்கும் காய்களில் எண்ணெய் சிக்கு ஏறியிருக்கும். அதனால் ஒவ்வொன்றையும் உடைத்தவுடன் ஒரு கீற்று வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். சிக்கு வாடை உள்ள ஒரு காய் மொத்தப் பாலையும் கெடுத்துவிடும்.

உடைக்கிற விதம் இங்கே வேறு. கண்ணில் துளை போட்டுத் தண்ணீரை வடித்துவிட்டு, முழுக் காயை 200 டிகிரி ஓவனில் கால் மணி நேரம், மிஞ்சினால் 20 நிமிடம் வைப்பார்கள். ஓடு தானாக விரிசல் விடும். ஆறிய பிறகு சுத்தியலால் இரண்டு தட்டு, பருப்பு ஓட்டைவிட்டுக் கழன்று வந்துவிடும். துருவி இல்லாத உங்களுக்கு இதுதான் வசதி. துளை போடாமல் மட்டும் உள்ளே வைத்துவிடாதீர்கள், வெடிக்கும்.

கப்பிப்பால் (டொராண்டோ) எழுதியது:

தம்பி ராஜா, தேங்காயை ஓவனில் வைக்கிறதா? எங்கட வீட்டில் அம்மா கேட்டால் மயங்கி விழுவா. திருவலையில் இருந்து திருவினால்தான் தேங்காய்ப்பூ மெல்லிசாக வரும், பாலும் நல்லாய் இறங்கும். பிளெண்டரில் துண்டு துண்டாகப் போட்டு அடிக்கிற பால் ஒருநாளும் அதற்கு ஈடாகாது.

உணவுவேதியல் எழுதியது:

பெரியவர் மன்னிக்க வேண்டும். பிளெண்டர் ஈடாகாது என்பதற்கு ஆதாரமில்லை. பால் இறங்குவது பருப்பின் செல் எவ்வளவு உடைகிறது என்பதைப் பொறுத்தது. நல்ல பிளெண்டர் துருவியைவிடப் பொடியாக்கும். என்ன, துண்டுகளைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கிப் போட வேண்டும், இரண்டு நிமிடம் விட்டு விட்டு ஓட்ட வேண்டும். ஓவன் விஷயத்தில் உங்கள் சந்தேகம் கொஞ்சம் சரி. நேரம் கூடினால் ஓட்டையொட்டிய பருப்பு வெந்து லேசாக வறுத்த மணம் வந்துவிடும். கேஸ் அடுப்புத் தீயில் ஓட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினாலும் விரிசல் விடும், அதில் உள்ளே அவ்வளவு சூடு ஏறாது.

இதைவிட முக்கியம் தண்ணீரின் சூடு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையும். ரெசிஃபேயில் இது யாருக்கும் பிரச்சினை இல்லை. சாவோ பாவுலோவில் ஏப்ரல் என்பது இலையுதிர்காலம், காலையில் சமையலறை 20 டிகிரிக்குக் கீழே இருக்கலாம். குழாய்த் தண்ணீரில் அடித்தால் கொழுப்பு பாதி சக்கையிலேயே நின்றுவிடும். 60, 70 டிகிரி, அதாவது விரல் வைத்தால் உடனே எடுத்துவிடுகிற சூடு இருந்தால் போதும். கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடினால் ஆவி மூடியைத் தூக்கி எறியும், கை வெந்துவிடும். மூடிமேல் துணி போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்துக்காரி எழுதியது:

ரொம்ப நன்றி. தோல்? பருப்பின் மேல் ஒட்டியிருக்கும் அந்தப் பழுப்புத் தோலைச் சீவ வேண்டுமா? ஐந்தாறு காய்க்கு என்றால் அதுவே ஒரு மணி நேர வேலை.

பாஹியாராஜா எழுதியது:

செய்யப்போவதைப் பொறுத்தது. மாஞ்சார் பிராங்கோ செய்தால் கட்டாயம் சீவ வேண்டும். சோளமாவு, பால், தேங்காய்ப்பால் சேர்த்துக் கிளறி அச்சில் ஊற்றி, மேலே உலர்ந்த பிளம் பழப் பாகு ஊற்றுகிற அந்த வெள்ளைப் புட்டிங்குக்கு நிறம்தான் உயிர். தோலோடு அரைத்தால் சாம்பல் பூத்த மாதிரி வரும், லேசாகக் கசக்கவும் செய்யும். பீன்ஸுக்குத் தோல் இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? தெந்தே என்கிற சிவப்புப் பனை எண்ணெய் ஊற்றுகிற எங்கள் மீன் குழம்பு மொகேக்காவிலும் தெரியாது, எல்லாமே ஆரஞ்சு நிறம். உங்கள் மீனுக்கும் சோற்றுக்கும் ஆகிற காய்களை மட்டும் சீவுங்கள். காய்கறி சீவும் பீலர் போதும். கழன்று வந்த பருப்பைக் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுச் சீவினால் வழுக்காது.

விடோரியாவாசி எழுதியது:

மொகேக்கா என்ற பேச்சு வந்துவிட்டது, அதனால் எங்கள் ஊர் சார்பில் ஒரு ஆட்சேபணை. எஸ்பிரிட்டு சாண்டு மாநிலத்தில் மொகேக்காவுக்குத் தேங்காய்ப்பாலும் கிடையாது, தெந்தேவும் கிடையாது. ஆலிவ் எண்ணெய், நிறத்துக்கு 'உருக்கும்' என்கிற அன்னாட்டோ விதை, அவ்வளவுதான். "மொகேக்கா என்றால் கபிஷாபா (எங்கள் மாநிலத்தது), மற்றதெல்லாம் வெறும் மீன் குழம்பு" என்று இங்கே சொல்வார்கள். பால் திரியுமோ என்ற கவலையே எங்களுக்கு இல்லை.

பாஹியாராஜா எழுதியது:

வந்துட்டாரய்யா. பால் ஊற்றாத மொகேக்காவை நோயாளிக்குக் கொடுக்கலாம் என்று இங்கே சொல்வோம்.

விடோரியாவாசி எழுதியது:

சொல்லுங்கள், சொல்லுங்கள். ஆனால் நீங்கள் குழம்பு வைக்கிற மண்சட்டி எங்கேயிருந்து வருகிறது என்றும் சொல்லுங்கள். எங்கள் ஊர்க் கோயாபெய்ராஸ் பேட்டைப் பெண்கள் சக்கரம் இல்லாமல் கையாலேயே வனைந்து, சுட்ட சூட்டோடு அலையாத்தி மரப்பட்டைச் சாற்றை அடித்துக் கருப்பாக்குகிற சட்டி. 2002ல் பிரேசிலின் பண்பாட்டு மரபுப் பதிவேட்டில் முதலாவதாக ஏறிய கைத்தொழில் அதுதான்.

உணவுவேதியல் எழுதியது:

சட்டிப் பேச்சு வந்தது நல்லதாகப் போயிற்று, திரிகிற விஷயத்துக்கு அது சம்பந்தப்பட்டது.

தேங்காய்ப்பால் என்பது தண்ணீரில் கொழுப்புத் துளிகள் மிதக்கிற கலவை. துளியும் துளியும் சேர்ந்துவிடாமல் தடுப்பது தேங்காயிலுள்ள புரதம். சூடு 80 டிகிரியைத் தாண்டினால் அந்தப் புரதம் குலைய ஆரம்பிக்கும். புளிப்பு ஏற ஏறப் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எலுமிச்சையும் தக்காளியும் இருக்கிற குழம்பில் பாலை ஊற்றித் தளதளவென்று கொதிக்கவிட்டால் இரண்டும் சேர்ந்து நடக்கும், திட்டுத் திட்டாகப் பிரியும். பாட்டில் பாலில் பிரியாததற்குக் காரணம் அதில் சேர்த்திருக்கும் பசைகளும் கலவைச் சேர்மங்களும். லேபிளைப் படித்தால் குவார், சாந்தன் என்று ஏதாவது இருக்கும். வீட்டுப் பாலில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஆனால் மாவுச்சத்து அதே வேலையைச் செய்யும். குழம்பு கெட்டியாக இருந்தால் துளிகள் நகர்ந்து ஒன்று சேர முடியாது. போபோ டி கமராவ் எடுத்துக்கொள்ளுங்கள். வெந்த மரவள்ளிக்கிழங்கை மசித்துப் பாலில் கரைத்து இறாலோடு சேர்ப்பது. அதில் வீட்டுப் பாலைத் தைரியமாகக் கொதிக்கவிடலாம். ரொட்டி ஊறவைத்து அரைக்கிற வாத்தாபா என்கிற கெட்டிக் கூழும் அப்படித்தான். உங்கள் பீன்ஸ் கூழும் அந்த வகைதான். ஆக நீங்கள் பயப்பட வேண்டியது மீன் ஒன்றுக்குத்தான், அதில்தான் மாவுச்சத்து இல்லை.

மீனும் காய்களும் தங்கள் சாற்றிலேயே முழுசாக வெந்த பிறகு, தீயைக் குறைத்துவிட்டு, கெட்டிப் பாலை ஊற்றி, ஓரத்தில் குமிழ் எட்டிப் பார்க்கும்போது அணைத்துவிடுங்கள். கரண்டி போட்டுக் கிளறினால் மீன் உடையும், சட்டியைப் பிடித்து ஆட்டினால் போதும். மண்சட்டி என்றால் அடுப்பை அணைத்த பிறகும் சில நிமிடம் கொதித்துக்கொண்டே இருக்கும். அதனால் முதலில் அணைத்துவிட்டு, பிறகு பாலை ஊற்றுங்கள்.

கப்பிப்பால் எழுதியது:

இது எங்கட சொதிக் கணக்குத்தானே. சொதியை இறக்கி வைத்த பிறகுதான் தேசிக்காய் விடுவோம், அடுப்பில் இருக்கும்போது விட்டால் திரைஞ்சு போகும். தங்கச்சி, அந்த எலுமிச்சையில் ஊறின மீனைச் சட்டியில் போட முதல் தண்ணியை நல்லா வடிச்சுப் போடுங்கோ. புளிப்பு வேணுமென்றால் பரிமாறும்போது பிழிஞ்சு விடலாம்.

இன்னொன்று. முதற்பாலையும் கப்பிப்பாலையும் (இரண்டாம் பால்) ஒன்றாய்க் கலக்காதேங்கோ. ஒருத்தரும் இதை இன்னும் சொல்லவில்லை.

பாஹியாராஜா எழுதியது:

ஐயா சொன்னதைத்தான் இங்கே வயதான சமையல்காரப் பெண்மணிகளும் சொல்வார்கள். முதல் பிழிவு கெட்டிப் பால், கடைசியில் சேர்க்க. இரண்டாம் பிழிவு நீர்ப்பால், வேகவைக்க. பாட்டில் வந்த பிறகு இந்தப் பாகுபாடு போய்விட்டது, எல்லாவற்றுக்கும் ஒரே பால். எனக்கு ருசியில் பெரிய வித்தியாசம் தெரிவது புதுப் பால், பழைய பால் என்பதில்கூட இல்லை, இந்த இடத்தில்தான். நீர்ப்பாலில் வெந்த சோறும் தண்ணீரில் வெந்து மேலே பால் ஊற்றிய சோறும் வேறு வேறு.

இப்போது கணக்கு. நடுத்தரக் காய் ஒன்றில் 350 முதல் 400 கிராம் பருப்பு தேறும். அதை 250 மி.லி. சுடுநீர் விட்டு அடித்து, மெல்லிய பருத்தித் துணியில் போட்டு முறுக்கிப் பிழிந்தால் ஏறக்குறைய அதே அளவு கெட்டிப் பால் வரும். சக்கையைத் திரும்ப 300 மி.லி. சுடுநீரில் அடித்தால் இரண்டாம் பால். சல்லடையில் வடித்தால் போதாது, பாலில் பாதி சக்கையிலேயே தங்கிவிடும். துணியில் கை வலிக்க முறுக்க வேண்டும்.

இரண்டு கிலோ மீனுக்கு அரை லிட்டர் கெட்டிப் பால். பீன்ஸுக்கு 300 மி.லி., கீரைக்கு ஒரு 200. ஆகமொத்தம் ஒரு லிட்டர். நான்கு காய் போதும், ஐந்தாக வாங்குங்கள், ஒன்று கெட்டிருந்தால் அன்றைக்குக் கடை தேடி அலைய வேண்டாம். சோற்றுக்கும் பீன்ஸ் அரைக்கவும் இரண்டாம் பாலே ஒரு லிட்டருக்கு மேல் கிடைக்கும்.

பாட்டில்போதும் எழுதியது:

நான்கு காயை உடைத்து, சீவி, நறுக்கி, அடித்து, முறுக்கி, திரும்ப அடித்து... ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஐந்தாறு பாட்டில் வாங்கினால் ஒரு லிட்டர் வேலை முடிந்தது. நான் ருசி இல்லை என்று சொல்லவில்லை. ருசிக்கு ஒரு விலை இருக்கிறது, அதைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான் கொடுக்கிறார்கள், அதைச் சொல்கிறேன். கணவரைத் தேங்காய் உடைக்கச் சொல்லுங்கள்.

கும்பகோணத்துக்காரி எழுதியது:

அண்ணா, கடைசி வரி பிடித்திருக்கிறது. அவர் ஏற்கெனவே சுத்தியல் எடுத்து வைத்துவிட்டார்.

முந்தின நாள் எடுக்கலாமா என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

உணவுவேதியல் எழுதியது:

எடுக்கலாம், வெளியே மட்டும் வைக்காதீர்கள். புளிப்பே இல்லாத, புரதமும் சர்க்கரையும் உள்ள திரவம் அது. அறைச் சூட்டில் சில மணி நேரத்திலேயே புளிக்க ஆரம்பித்துவிடும். பிழிந்த உடனே ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். மேலே வெண்ணெய் மாதிரி ஒரு தட்டு உறைந்து நிற்கும், கெட்டுப்போனது என்று கொட்டிவிடாதீர்கள், அது கொழுப்புதான். பாத்திரத்தை வெந்நீரில் வைத்து இளக்கிக் கலக்கினால் சேர்ந்துவிடும். ஃபிரீசரில் வைத்தது உருகும்போது பிரிந்தே இருக்கும், திரும்ப பிளெண்டரில் ஒரு சுற்று ஓட்ட வேண்டும். அது பீன்ஸுக்கு ஆகும், மீனுக்கு நான் போட மாட்டேன். நானாக இருந்தால் பீன்ஸ், சோற்றுக்கான பாலை வியாழக்கிழமை எடுத்துவிட்டு, மீனுக்கு வேண்டியதை மட்டும் அன்று காலையில் எடுப்பேன்.

காவிரிக்கரை எழுதியது:

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். பிரேசிலில் தென்னை எப்படி வந்தது? அங்கேயே இருந்த மரமா?

பாஹியாராஜா எழுதியது:

இல்லை. 1553 வாக்கில் போர்த்துகீசியர்கள் கேப் வெர்டே தீவுகளிலிருந்து பாஹியாவுக்குக் கொண்டுவந்தது. கேப் வெர்டேவுக்கு அது இந்தியப் பெருங்கடல் பக்கத்திலிருந்து போனது. 2011ல் வெளியான மரபணு ஆய்வு ஒன்றும் அட்லாண்டிக் கரைத் தென்னைகளைத் தென்னிந்தியா, இலங்கை, மாலத்தீவு வட்டார வகையோடுதான் சேர்க்கிறது. ஆக இங்கே பால் எடுக்கிற நெட்டைத் தென்னை நம் பக்கத்து வழிவந்ததுதான். இளநீருக்கான குட்டை ரகம் 1920களில்தான் வந்தது.

1587ல் பாஹியாவைப் பற்றி எழுதிய காப்ரியேல் சோவாரெஸ் டி சோசா என்ற கரும்பாலைக்காரர், தென்னை இந்தியாவைவிட இங்கேதான் நன்றாக வருகிறது, இங்கே ஐந்தாறு வருடத்தில் காய்க்கிறது, இந்தியாவில் இருபது வருடம் ஆனாலும் காய்ப்பதில்லை என்று எழுதி வைத்திருக்கிறார். பொள்ளாச்சிக்காரர்கள் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள்.

பொள்ளாச்சிதோப்பு எழுதியது:

இருபது வருடம் காய்க்காத மரத்தை எங்கள் ஊரில் யாரும் விட்டு வைக்க மாட்டார்கள். ஆள் யாரோ சொன்னதைக் கேட்டு எழுதியிருக்கிறார்.

காவிரிக்கரை எழுதியது:

தெந்தே எண்ணெய்க்குப் பதில் ரேஷன் பாமாயில் ஊற்றலாமா? சென்னையில் மொகேக்கா செய்து பார்க்க ஆசை.

பாஹியாராஜா எழுதியது:

ஒரே மரத்து எண்ணெய்தான், ஆனால் ரேஷன் பாமாயில் சுத்திகரித்து நிறமும் மணமும் எடுத்தது. தெந்தேயின் வேலையே அந்த நிறமும் மணமும்தான். சுத்திகரிக்காத சிவப்புப் பாமாயில் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் விடோரியாக்காரர் வழியில் உருக்கும் விதையை எண்ணெயில் லேசாகச் சுடவைத்து வடித்தால் நிறமாவது வரும். (அவர் இதைப் படித்து சந்தோஷப்பட வேண்டாம்.)

விடோரியாவாசி எழுதியது:

படித்துவிட்டேன்.

கும்பகோணத்துக்காரி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, சாப்பாடு முடிந்தது. மீன் திரியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் பாலை ஊற்றினேன், சட்டி தானாகக் குமிழ்விட்டுக்கொண்டது. மாமியார் பீன்ஸை இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார். சோற்றைப் பற்றி மட்டும், "இதற்குப் பாட்டிலே போதுமே, எதற்கு இவ்வளவு கஷ்டம்" என்று சொல்லிவிட்டார்.

பாட்டில்போதும் எழுதியது:

அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

அக்கா, அந்த பீன்ஸ் செய்முறையைக் கொஞ்சம் போடுங்களேன். பிழிந்த சக்கையை என்ன செய்தீர்கள்?

கும்பகோணத்துக்காரி எழுதியது:

சக்கையை 120 டிகிரி ஓவனில் பரப்பிக் காயவைத்துப் பொடித்து வைத்திருக்கிறேன். அதில் ருசி பெரிதாக இல்லை. மரவள்ளிக்கிழங்கு கேக் செய்யும்போது புதுத் துருவலோடு பாதிக்குப் பாதி கலந்தால் ஆகும், தனியாகப் போட்டால் மரத்தூள்.

பீன்ஸ் இதுதான். அரை கிலோ காரியோக்கா பீன்ஸை (பழுப்பு வரி போட்ட காய்ந்த பீன்ஸ்) இரவே ஊறவைத்து, குக்கரில் குழைய வேகவிடுங்கள். உப்பு இப்போது வேண்டாம். வெந்த தண்ணீரில் ஒரு கப் எடுத்து வைத்துக்கொண்டு மீதியை வடித்துவிட்டு, பீன்ஸை இரண்டாம் பால் அரை லிட்டர் விட்டு பிளெண்டரில் நைசாக அடித்து, சல்லடையில் தேய்த்து வடிக்க வேண்டும். இந்த வடிப்பதை விட்டுவிட்டால் தோல் நாக்கில் தட்டும், மாமியார் முதலில் கேட்பதே அதைத்தான். அடிகனமான பாத்திரத்தில் ஒரு வெங்காயம், நாலு பல் பூண்டு பொடியாக நறுக்கி வதக்கி, கூழை ஊற்றி, சிறு தீயில் அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருங்கள். ரொம்ப இறுகினால் எடுத்து வைத்த தண்ணீர். இருபது நிமிடம் போல ஆனதும் கெட்டிப் பால் 300 மி.லி., உப்பு, ஒரு கட்டுக் கொத்தமல்லித்தழை. அதன் பிறகு ஒரு கொதி தாராளமாக வரலாம், வேதியல் அண்ணன் சொன்னபடி பிரியவே இல்லை. கரண்டியிலிருந்து கெட்டியாக ஒழுகுகிற பதத்தில் இறக்குங்கள், ஆறினால் இன்னும் இறுகும். பச்சை மிளகாய் அவர்கள் போடுவதில்லை. நான் இரண்டு கீறிப் போட்டு, பரிமாறும் முன் எடுத்துவிட்டேன்.